நனைந்தால் வாழும், காய்ந்தால் வாழும்

நார்வேயின் மேற்குக் கரையில் பெர்கன் என்றொரு துறைமுக நகரம். அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கும் ஹன்சா அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தவர்கள் பலரும் முதலில் பேசுவது அதன் வாடையைப் பற்றித்தான். மீன் மூட்டைகள் அங்கிருந்து போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் சுவர்க் கட்டைகளிலும் தளப் பலகைகளிலும் ஊறிய மீனெண்ணெய் விட்டுப்போக மறுக்கிறது. கருவாட்டுக் கடை இருந்த வீட்டில் குடியேறியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

நகர வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டிகள், நாணயங்கள், பழைய வரைபடங்கள் என்றுதான் நமக்கு நினைப்பு வரும். இங்கே அவையெல்லாம் இரண்டாம் பட்சம். பார்க்க வேண்டிய முதல் பொருள் கட்டடமே. 1702ஆம் ஆண்டுத் தீக்குப் பின் கட்டப்பட்ட ஃபின்னகோர்டன் என்ற வணிகர் இல்லம் அது. முழுக்க மரம். வணிகரான யோஹான் வில்ஹெல்ம் ஓல்சன் 1872இல் அதை அருங்காட்சியகமாக்கினார். அதற்கு முன் அங்கே சரக்கும் இருந்தது, கணக்கெழுதும் அறையும் இருந்தது, வேலைக்காரப் பையன்களும் அலமாரி போன்ற அடுக்குக் கட்டில்களில் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயேதான் தூங்கினார்கள்.

பெர்கனில் ஆண்டுக்குச் சராசரியாக 2,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. சென்னைக்குக் கிடைப்பது சுமார் 1,400. அதுவும் சில மாதங்களில் அடித்து ஓய்ந்துவிடும். அங்கே ஆண்டு முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். எதிரே கடல், கீழே சேறு, மேலே மழை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மர வீடு முந்நூறு ஆண்டு எப்படி நின்றது? அந்த வீட்டுக்கு அடியில் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டு மரமெல்லாம் எப்படிக் கெடாமல் கிடக்கிறது?

நம் வீட்டுக் கதவு நிலையின் அடிப்பக்கம் இற்றுப்போவதைப் பார்த்திருப்பீர்கள். 'தண்ணி பட்டு உளுத்துப்போச்சு' என்போம். பாதி உண்மை. தண்ணீர் மரத்தைத் தின்பதில்லை, தின்பது பூஞ்சை. மரம் என்பது செல்லுலோஸ் இழைகளை லிக்னின் என்ற பசையால் ஒட்டிய கட்டுமானம். அதைச் செரிக்கத் தெரிந்த உயிர்கள் உலகில் மிகச் சில, அவற்றுள் முதலிடம் பூஞ்சைக்கு. அதற்கும் நம்மைப் போலவே தண்ணீர் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும்.

காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டு, அதில் உள்ள நீரின் எடையை விழுக்காடாகச் சொல்வது வழக்கம். இந்த ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் தலையெடுக்க முடியாது. சுமார் 30 விழுக்காட்டில் மரச் செல்களின் சுவர்கள் தாகம் தீரக் குடித்துவிடுகின்றன. அதற்கு மேல் வரும் நீர் செல்லின் உள்ளறைகளில் தேங்கத் தொடங்கும். அப்போது பூஞ்சைக்குக் கொண்டாட்டம், குடிக்க நீரும் மூச்சுவிடக் காற்றும் ஒரே இடத்தில். இன்னும் நீர் ஏறி உள்ளறைகள் முழுக்க நிரம்பிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. குளிர்ந்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் பதினொரு மில்லிகிராம் போல. அதே அளவு காற்றில் இருநூற்றெண்பதுக்குக் குறையாது. அந்தக் கொஞ்சமும் தீர்ந்துபோனால் அடுத்தது வந்துசேர நெடுநேரம் பிடிக்கும், ஏனென்றால் நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. பூஞ்சை மூச்சுமுட்டிப் போகும்.

ஆக, முழுக்கக் காய்ந்த மரமும் பிழைக்கும், முழுக்க மூழ்கிய மரமும் பிழைக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதுதான் சாகிறது. பெர்கனின் கதையை இந்த ஒரு விதியை வைத்தே படித்துவிடலாம், அங்கே விற்ற மீன் உட்பட.

அந்த மீனிலிருந்தே தொடங்குவோம். வட நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் குளிர்காலத்தில் காட் மீன் குவியும். தலையையும் குடலையும் நீக்கி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, கழிகளால் ஆன பரண்களில் தொங்கவிடுவார்கள். உப்பே கிடையாது, நம்மூர்க் கருவாட்டிலிருந்து இது மாறுபடும் இடம் அது. பிப்ரவரி முதல் மே வரை அங்கே வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே ஊசலாடும். அதைவிடக் கடுங்குளிர் என்றால் சதைக்குள் பனிப்படிகம் வளர்ந்து நாரைக் கிழித்துவிடும். கொஞ்சம் சூடேறினால் ஈ மொய்க்கும், அழுகும். இயற்கை அந்தத் தீவுகளுக்குக் கொடுத்த வரம் இந்த இடைவெளிதான். மூன்று மாதக் கடல்காற்றில் மீனின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு, பெரும்பாலும் நீராக, பறந்துவிடும். மிஞ்சுவது விறகுக்கட்டை போன்ற ஒரு பொருள். தட்டினால் 'டக் டக்' என்று கேட்கும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதில் குடிக்கச் சொட்டு நீர் இல்லை. ஆண்டுக்கணக்கில் கெடாது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஐரோப்பாவில், மாமிசம் விலக்கிய நோன்பு நாட்கள் நிறைந்த ஐரோப்பாவில், இந்த 'மீன்கட்டை' எப்பேர்ப்பட்ட சரக்கு என்று யோசித்துப் பாருங்கள். வட நார்வேயில் தானியம் சரியாக விளையாது. ஜெர்மன் வணிகர்களிடம் மாவு இருந்தது. லூபெக் நகரம் முன்னின்று நடத்திய ஹன்சா வணிகக் கூட்டணி 1360 வாக்கில் பெர்கன் துறைமுகத்தின் ஓரத்தில் தன் அலுவலகத்தை நிறுவியது. துறைமுகத்தின் அந்தப் பக்கத்துக்குப் பிரிகன் என்று பெயர். படகுத்துறை என்றுதான் பொருள். 1754வரை, ஏறக்குறைய நானூறு ஆண்டு, அந்த அலுவலகம் நடந்தது. ஜெர்மன் ஆண்கள் மட்டுமே வாழ்ந்த ஒரு தனி ஊர் அது. உள்ளூர்ப் பெண்களை மணக்கத் தடை.

அவர்களது வீடுகள் நெட்டுக்கு நீண்ட வரிசைகள். முகப்பின் முக்கோணம் கடலைப் பார்க்கும். பின்னால் வீட்டுக்குப் பின் வீடாக மலையடிவாரம் நோக்கி நீளும். இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு சந்து, எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். மேல் மாடிகளில் வெளிப்புறமாக ஓடும் மர நடைகள். பைன் மரத் தண்டுகளைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மூலைகளில் வாய்வெட்டி ஒன்றோடொன்று கவ்வவிட்டுக் கட்டிய சுவர்கள். கட்டைக்கு நடுவில் பாசி திணித்தால் காற்று புகாது.

இப்படிக் கட்டும்போது தச்சர்கள் ஒன்றை மறப்பதில்லை. மரம் காய்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. நீளவாக்கில் சுருக்கம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். குறுக்கே அதைப்போலப் பல மடங்கு. கட்டைகளைப் படுக்கவைத்துக் கட்டிய சுவர், காயக் காய உயரத்தில் குறையும்; மீட்டருக்குச் சில சென்டிமீட்டர் இறங்கிவிடும். கதவு நிலையோ நிற்கும் கட்டை, அது குறையாது. அதனால் நிலைக்கு மேலே ஓர் இடைவெளி விட்டு, பலகையால் மறைத்து வைப்பார்கள். விடாவிட்டால் மொத்தச் சுவரும் கதவு நிலையின் தலையில் உட்கார்ந்துவிடும். வீடு கட்டி முடித்த பிறகும் பல ஆண்டு அசைந்துகொண்டே இருக்கும் என்று தெரிந்து கட்டியவர்கள் அவர்கள்.

பூஞ்சையைவிட அவர்கள் அஞ்சியது தீயை. சரக்கையும் மரத்தையும் காயவைக்க வேண்டும்; காய்ந்தவை எளிதில் பற்றும். வீடுகளுக்குள் அடுப்புக்கும் தீபத்துக்கும் தடை விதித்தார்கள். நார்வேயின் குளிர்காலத்தில், கணப்பு இல்லாமல், விளக்கு இல்லாமல். சமையலும் குளிர்காய்தலும் வரிசையின் பின்கோடியில் தனியே கட்டிய கூடங்களில்தான். அங்கேதான் சாப்பாடு, பாடம், கூட்டம், குடி எல்லாம். புதிதாக வந்த பையன்களைப் புகைபோக்கியில் தொங்கவிட்டுப் புகைமூட்டம் போட்டுச் சோதிப்பது மூத்தவர்களின் 'விளையாட்டு'களில் ஒன்று. மற்றபடி நெருப்பிடம் அவ்வளவு பயபக்தி! விலைமதிப்புள்ள சரக்கைப் பின்னால் இருந்த கல் நிலவறைகளில் பூட்டினார்கள்.

ஒரு பருத்த மரத்தண்டு உண்மையில் அவ்வளவு சுலபமாக எரிந்துவிடாது. தீ பட்டதும் மேற்பரப்பு கரியாகிறது. அந்தக் கரி வெப்பத்தை உள்ளே விடாத போர்வையாகிவிடுகிறது. பைன் போன்ற மரத்தில் கரி உள்நோக்கி நகரும் வேகம் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. 20 சென்டிமீட்டர் கட்டையின் ஒரு பக்கம் அரை மணி நேரம் எரிந்தால் இரண்டு சென்டிமீட்டர் போயிருக்கும். இன்றைய பொறியாளர்கள் மரக் கட்டடங்களை வடிவமைப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். அப்படியானால் பிரிகன் ஏன் திரும்பத் திரும்பச் சாம்பலானது? காரணம் சந்து. தனியாக ஒரு விறகை அடுப்பில் வைத்தால் அணைந்துபோகும்; இரண்டை அருகருகே வைத்தால் எரியும் என்பது விறகடுப்பில் சமைத்த எவருக்கும் தெரியும். ஒன்றின் அனல் மற்றொன்றைச் சுடுகிறது, அதன் அனல் இதை. எதிரெதிரே நின்ற இரண்டு மரச் சுவர்களும் அப்படித்தான் ஒன்றையொன்று எரித்தன. குறுகிய சந்து புகைபோக்கியாகிக் காற்றை இழுத்தது. சுவர்மேல் அடித்த மெல்லிய பலகைகள் சுள்ளியாயின.

1198, 1248, 1332, 1393, 1413, 1476 என்று தீயின் ஆண்டுக் கணக்கு நீள்கிறது. 1702 மே மாதத்தில் எரிந்தது பிரிகன் மட்டுமல்ல, நகரத்தின் பெரும்பகுதி. எரிந்த பிறகு என்ன செய்தார்கள்? அதே இடத்தில், அதே அளவில், அதே மரத்தில், அதே சந்துகளை விட்டு மறுபடி கட்டினார்கள். மனை எல்லைகள் சட்டப்படி பழையவை. காட்டில் மரம் இருந்தது. வேலை தெரிந்த தச்சர்கள் இருந்தார்கள். குளிருக்கு மரச் சுவர்போல இதம் வேறில்லை. முட்டாள்தனம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் 12ஆம் நூற்றாண்டு நகரத்தின் தெரு அமைப்பை இன்று நாம் நடந்து பார்க்க முடியாது.

தீக்குத் தப்பியவற்றை மனிதர்கள் சும்மா விட்டார்களா? 1901இல் பிரிகனின் தென்பாதியை இடித்துச் செங்கல் கட்டடங்கள் எழுப்பினார்கள். அழகானவைதான், பழைய முக்கோண முகப்பைப் போலவே செய்தும் வைத்தார்கள். அந்தச் செங்கல் வரிசைக்கு அப்பால் ஒற்றையாக மிஞ்சியது ஃபின்னகோர்டன். அது தப்பி நின்றதற்கு, அதற்குள் அருங்காட்சியகம் குடியிருந்தது பெரிய காரணம். ஓல்சனின் மகன் கிறிஸ்டியன் கோரன் விபெர்க் ஓவியர், வரலாற்று ஆய்வாளர். பழைய பிரிகனை வரைந்தும் எழுதியும் பதிவுசெய்வதில் வாழ்நாளைச் செலவிட்டார். பிறகு 1944 ஏப்ரல் 20 அன்று வெடிமருந்து ஏற்றிய ஒரு டச்சுக் கப்பல் துறைமுகத்தில் வெடித்தது. நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள், பிரிகனின் கூரைகள் பறந்தன. 1955 ஜூலை 4 அன்று மறுபடி தீ. எஞ்சியிருந்த வரிசைகளில் வடகோடியில் ஒரு பெரும் பகுதி போயிற்று.

அந்தக் கடைசித் தீதான் தரையைத் திறந்தது. அஸ்பியோர்ன் ஹெர்டெய்க் என்ற தொல்லியலாளர் அந்தக் கரிமேட்டில் தோண்டத் தொடங்கினார். ஆண்டுகள் பதின்மூன்றுக்கும் குறையாமல் வேலை நீண்டது. தோண்டத் தோண்ட ஒரு கரி அடுக்கு, அதற்குக் கீழே மரத்தளம், மறுபடி கரி அடுக்கு, மறுபடி மரத்தளம். ஒவ்வொரு தீயின் ஆண்டும் பழைய ஆவணங்களில் இருக்கிறது. எனவே 1476க்கும் 1413க்கும் உரிய கரிகளுக்கு நடுவில் கிடைத்த செருப்பு எந்தக் காலத்தது என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஊரை அழித்த தீயே அதற்கு நாட்காட்டி போட்டுக் கொடுத்திருக்கிறது.

வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலை நோக்கி நிலத்தை நகர்த்தியதும் தெரிந்தது. பெரிய மரத்தண்டுகளால் தண்ணீரில் பெட்டிகள் கட்டி, அதற்குள் கல்லும் குப்பையும் போட்டு நிரப்பி, அதன்மேல் புதிய துறை. நிரப்பக் கிடைத்ததெல்லாம் குப்பைதான்: மரச் சீவல், சாணம், மீன்முள், கொட்டை ஓடு, பிய்ந்த செருப்பு, கக்கூஸில் துடைத்துப் போட்ட பாசி. அருவருப்பாக இருக்கலாம், தொல்லியலாளருக்கு இது பொற்குவியல். குப்பைகளுக்கு நடுவே ரூனிக் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து கீறிய குச்சிகளும் எலும்புகளுமாக ஏறத்தாழ 670 கிடைத்தன.

ரூனிக் என்றால் கல்வெட்டு எழுத்து, நினைவுக்கற்களில் செதுக்கும் விஷயம் என்றிருந்த எண்ணம் அதோடு தகர்ந்தது. விரல் நீளப் பைன் குச்சியின் ஒரு பக்கத்தைக் கத்தியால் சீவி, கீறினால் கடிதம் ஆயிற்று. மூட்டையில் கட்டும் பெயர்ச்சீட்டு ஆயிற்று. தூரிர் என்ற வணிகன் தன் கூட்டாளிக்கு எழுதுகிறான்: நிலைமை சரியில்லை, பீரும் கிடைக்கவில்லை, மீனும் இல்லை. இன்னொரு குச்சியில், வீட்டுக்கு வரச் சொல்கிறாள் கீதா என்று ஒரு வரி. அதோடு பதில் போல ஏதோ கிறுக்கல், யாராலும் படிக்க முடியவில்லை. சாராயக்கடையில் உட்கார்ந்திருந்த ஆளுக்குப் போன சேதி என்று ஆய்வாளர்கள் பலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கீதா நம்மூர்ப் பெயர் அல்ல, நார்வேப் பெயரேதான்.

எழுதியவனே அடுப்பில் எறிந்திருக்க வேண்டிய குச்சி அது. எழுநூறு ஆண்டு இருந்ததற்குக் காரணம் பூமிக்கடியில் இருந்த நீர். மலையிலிருந்து இறங்கும் மழைநீரும் துறைமுகத்தின் கடல்நீரும் சேர்ந்து அந்தக் குப்பைமேட்டை ஊறவைத்தே வைத்திருந்தன. ஆக்சிஜன் இல்லாத ஈரம். மெதுவாக மரத்தை அரிக்கும் சில பாக்டீரியாக்கள் அங்கும் உண்டு, ஆனால் அவற்றின் வேகத்தில் நூற்றாண்டுகள் என்பது சிறிய காலம். மேலே காய்ந்த மீன் கெடாமல் இருந்தது. கீழே நனைந்த குச்சி கெடாமல் இருந்தது. அந்தப் பொருட்களுக்காகவே 1976இல் பிரிகன் அருங்காட்சியகம் திறந்தது. 12ஆம் நூற்றாண்டு அடித்தளக் கட்டைகளைத் தோண்டிய இடத்திலேயே வைத்து அதன்மேல் எழுப்பிய கட்டடம். 1979இல் பிரிகன் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நிற்கும் பழைய கட்டடங்கள் 62.

வினை வந்தது பக்கத்து மனையில். 1955இல் எரிந்து காலியான இடத்தில் சுமார் 1980இல் ஒரு நவீனக் கட்டடம் வந்தது. அதன் அடித்தளத்தை உலர்வாக வைக்க மண்ணுக்குள் இரும்புத் தகட்டுச் சுவர் இறக்கி, நீரை வடித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. நிலவறையில் தண்ணீர் நிற்கக் கூடாது என்பது எந்தக் கட்டடப் பொறியாளரும் சொல்வது. ஆனால் நிலத்தடி நீர் மதிலைப் பார்த்து நிற்காது. பழைய வீடுகளின் அடியிலும் நீர்மட்டம் சரிந்தது. எழுநூறு ஆண்டு மூச்சுமுட்டிக் கிடந்த குப்பைக்குக் காற்று கிடைத்தது. உளுத்தல் தொடங்கியது. நீர் தந்த தாங்கலும் போனதால் தளர்ந்த மண் அமுங்கியது. மோசமான இடங்களில் ஆண்டுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர்வரை நிலம் இறங்கியதாக அளந்தார்கள். நகம் வளரும் வேகத்தைவிடக் குறைவுதான். ஆனால் பத்தாண்டில் ஒரு பக்கம் ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் இறங்கினால், மூலைகளில் கவ்விக் கட்டிய மர வீடு கோணிக்கொள்ளும், கதவு பிடிக்கும், மாடி சாயும்.

தீர்வு கேட்டால் நம்மூர்த் தாத்தாக்கள்கூடச் சொல்லியிருப்பார்கள்: தண்ணீரை மறுபடி உள்ளே விடு. 2010களில் அதைத்தான் செய்தார்கள். கூரையில் விழும் மழையைச் சாக்கடைக்கு அனுப்பாமல் தரைக்குள் இறக்கும் பள்ளங்கள், புல் வாய்க்கால்கள், நீர் கசியும் தளக்கற்கள், நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் குழாய்க் கிணறுகள். நீர் ஏறியது, நிலம் இறங்கும் வேகம் வெகுவாகக் குறைந்தது. மர வீட்டைக் காப்பாற்ற அதன் காலை நனைத்துவிட்ட இந்தக் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லா இடத்திலும் இது நடக்காது. கடலோர முன்வரிசைக்கு அடியில் அலை ஏற்ற இறக்கம் உண்டு. நாளுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை காற்று புகும். நடுவில் மாட்டிய மரத்தின் கதை முன்பே சொன்னேன். ஃபின்னகோர்டன் அங்கேதான் இருக்கிறது. கடல்மட்டமும் உயர்கிறது, புயல் நாட்களில் துறைமேடையைத் தாண்டி நீர் உள்ளே வரும். அங்கே செய்யக்கூடியது ஒன்றே: வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கு, இற்ற அடிக்கட்டையை எடு, புதியதை நுழை, இறக்கு. 1962இல் தொடங்கிய பிரிகன் அறக்கட்டளையின் தச்சர்கள் இதைக் கோடரியும் பழைய கைக்கருவிகளும் கொண்டே செய்கிறார்கள். இயந்திரத்தில் அறுத்தால் இழை அறுபட்டுத் திறந்து கிடக்கும், நீர் உறிஞ்சும். கோடரியால் செதுக்கினால் இழையின் போக்கிலேயே மரம் பிளந்து மேற்பரப்பு மூடிக்கொள்ளும் என்பது தச்சர்களின் வாதம். கெட்ட துண்டை மட்டும் வெட்டி, புதிய துண்டை ஒட்டுப்போட்டுப் பொருத்துகிறார்கள். மெதுவாக வளர்ந்த, வளையங்கள் நெருங்கிய, வைரம் பாய்ந்த பைனைத் தேடித்தான் எடுக்கிறார்கள். அதன் நடுமரத்தில் உள்ள பிசினும் நச்சுப்பொருள்களும் பூஞ்சைக்கு ஆகாதவை.

இப்படியே மாற்றிக்கொண்டு போனால் பழையது எங்கே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் அதிக மரியாதை இல்லை. பிரிகன் பிறந்ததிலிருந்து மாற்றப்பட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறது. வாய்வெட்டும் கை பழசாக இருந்தால் போதும்.

ஹன்சா அருங்காட்சியகக் கட்டடத்தை இப்படித் தூக்கிப் பழுதுபார்க்க 2018இல் மூடினார்கள். பல ஆண்டுப் பணி. பெர்கன் போகிறவர்கள் திறந்துவிட்டதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் சந்துகளில் நடக்கத் தடையில்லை. நடக்கும்போது சுவரின் அடிக்கட்டையைக் குனிந்து பாருங்கள்: கறுத்த பழைய மரத்தில் வெளிறிய புது மரம் ஒட்டுப்போட்ட இடம் தெரியும். குடை கட்டாயம் கொண்டுபோங்கள்.